நாய்க்குட்டியின் பால் பற்கள்

வீட்டில் ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தால் முதல் வாரம் எல்லோருக்கும் திருவிழாத்தான். அதற்குப் பெயர் வைப்பதில் குழந்தைகளுக்குள் சண்டை. பால் ஊற்றுவதில் பாட்டிக்கும் பேத்திக்கும் போட்டி. "நாயா? நம் வீட்டிலா?" என்று முதலில் கர்ஜித்த குடும்பத் தலைவரே இரவில் எழுந்து, குட்டியின்மேல் கோணிச் சாக்கை இழுத்துப் போர்த்திவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்துக் கொள்வார்.

இரண்டாவது வாரத்தில் கதை மாறுகிறது. வேஷ்டி நுனி கிழிகிறது. புடவைத் தலைப்பில் ஓட்டை விழுகிறது. குழந்தையின் கணுக்காலில் கீறல். பாட்டியின் புறங்கையில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். உடனே குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறது. "இந்தச் சனியனைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிட்டு வாருங்கள்!" என்பது ஒரு கட்சி. "பாவம், பச்சைக் குட்டி! அதன் கடி என்ன செய்து விடும்?" என்பது மற்றொரு கட்சி.

இரண்டு கட்சியும் பேசுவது தவறு என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். முதற் கட்சி குட்டியின் சுபாவத்தை அறியவில்லை. இரண்டாவது கட்சி காயத்தின் அபாயத்தை அறியவில்லை. கடிக்கும் பழக்கம் என்பது வேறு. கடித்த காயம் என்பது வேறு. முன்னதற்குப் பொறுமை வேண்டும். பின்னதற்குச் சிறிதும் பொறுமை கூடாது.

ஒசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடியும் இடத்தில் இருக்கிறது ஜூஜுவாடி. அதைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. ஒரு காலத்தில் சேலம் ஜில்லாவின் கோடியில் கிடந்த கிராமம். இன்று ஒசூர் மாநகராட்சியைச் சேர்ந்தது. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் பக்கத்திலேயே இருப்பதால், பல ஜில்லாக்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் வரிசை வரிசையான வாடகை வீடுகளில் குடியிருக்கின்றன. தெருவில் குட்டி போட்ட நாயிடமிருந்து குழந்தைகள் ஒன்றைத் தூக்கி வருவது எந்த ஊரிலும் நடப்பது. இப்படிப்பட்ட ஊரிலோ, பெற்றோர் இருவரும் ஆலைக்குப் போய்விட்டால் அந்தக் குட்டி பகல் முழுவதும் பூட்டிய அறையில் தனியே கிடக்கும். மாலையில் கதவு திறந்ததும் அது என்ன செய்யும்? பகலெல்லாம் அடக்கி வைத்த உற்சாகம் முழுவதையும், முதலில் உள்ளே வரும் பாதத்தின்மேல் காட்டிவிடும்!

குட்டி ஏன் கடிக்கிறது? அதற்குக் கையில்லை, உலகத்தை வாயாலேதான் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறந்து மூன்று வாரமானதும் அதற்குப் பால் பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. மொத்தம் 28 பற்கள்; ஒவ்வொன்றும் ஊசி முனை. நாலாம் மாதத்தை ஒட்டி அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்து விடுகின்றன. இந்த இடைக்காலம் முழுவதும் ஈறு தினவெடுக்கும். செருப்பு, நாற்காலிக் கால், நம் விரல் எல்லாம் அதற்கு ஒன்றேதான்.

கடியின் அளவைக் குட்டிக்கு முதலில் கற்பிப்பவர்கள் அதன் தாயும் உடன்பிறந்த குட்டிகளுமே. விளையாட்டில் ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். "அழுத்திக் கடித்தால் ஆட்டம் நின்று போகும்" என்பதுதான் நாய்க்குலத்தின் அரிச்சுவடி. எட்டு வாரமாவது தாயுடன் இருந்த குட்டி அந்தப் பாடத்தின் பெரும் பகுதியைக் கற்றுக் கொண்டு வருகிறது. கண் திறந்த சூட்டோடு தாயிடமிருந்து பிரித்து வந்த குட்டி, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. விட்ட பாடத்தை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சொல்லிக் கொடுக்கும் முறை எளிது. பல் பட்டவுடன் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால், ஓடும் எலியைப் பிடிப்பதுபோல் இன்னும் உற்சாகமாகப் பாயும். விளையாட்டை அந்தக் கணமே நிறுத்தி, கைகளைக் கட்டிக் கொண்டு, முகத்தைத் திருப்பி, மரம்போல் நின்றுவிட வேண்டும். அப்படியும் விடாவிட்டால் அரை நிமிஷம் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். திரும்பி வந்ததும், கடிக்கத் தகுந்த பொருள் ஒன்றைக் கொடுக்கலாம். பழந்துணியை முறுக்கி நனைத்துக் குளிர வைத்தது ஈறுக்கு இதமாயிருக்கும். கெட்டி ரப்பர் பொம்மையும் நல்லது. பழைய செருப்பை மட்டும் கொடுக்க வேண்டாம். பழைய செருப்புக்கும் நேற்று வாங்கிய செருப்புக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத்தான் தெரியும்; அதற்குத் தெரியாது.

குட்டிக்குத் தூக்கமும் அவசியம். ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கக் கூடிய பிராணி அது. தூக்கம் கெட்ட குழந்தை சிணுங்குவதுபோல் தூக்கம் கெட்ட குட்டி கடிக்கும். குழந்தைகள் அதை மாற்றி மாற்றித் தூக்கிக் கொண்டு திரிவதை நிறுத்தினாலே பாதிக் கடி குறைந்துவிடும். சாப்பிடும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்குக் கண்டிப்பாய்ச் சொல்லி வைக்க வேண்டும்.

அடிக்கலாமா? கூடாது. வாயை இறுக்கிப் பிடித்து உலுக்குவதும் கூடாது. அடிபட்ட குட்டி கடியை மறப்பதில்லை. கையைக் கண்டு அஞ்சக் கற்றுக் கொள்கிறது. அஞ்சிய நாய் வளர்ந்த பிறகு கடிப்பது விளையாட்டுக் கடியாயிராது. உறுமியதற்காக அடித்தால் இன்னும் மோசம். உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அதை அடக்கினால் எச்சரிக்கையின்றிக் கடிக்கும் நாயை நாமே உண்டாக்கியவர்களாவோம். உடம்பை விறைத்துக் கொண்டு, உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டி, உணவையோ மூலையையோ காவல் காக்கும் குட்டியைக் கால்நடை வைத்தியரிடம் காட்டி யோசனை கேட்பது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியம், வீட்டார் அனைவரும் ஒரே விதியைக் கைக்கொள்வது. அப்பா கையைக் கடிக்க விட்டுச் சிரிக்கிறார், அம்மா திட்டுகிறாள் என்றால் குட்டி எதைக் கற்கும்? எல்லைப்புறத்தில் இதற்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஜூஜுவாடிப் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில், புழங்குகின்றன. தமிழர் "விடு" என்கிறார். தெலுங்கர் "வதுலு" என்கிறார். கன்னடத்தார் "பிடு" என்கிறார். இந்தக் கடைசிச் சொல் தமிழ்க் காதுக்கு ஏறக்குறையப் "பிடி" என்றே கேட்கும், அர்த்தமோ நேர்மாறு! மொழி எதுவானாலும் குற்றமில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு சொல்தான் இருக்க வேண்டும். பாட்டி முதல் பேரன் வரை அதையே சொல்ல வேண்டும். விட்டவுடன் ஒரு தட்டிக் கொடுத்தலோ ஒரு சிறு துண்டுத் தின்பண்டமோ கொடுத்தால், சில வாரங்களில் குட்டிக்குப் பாடம் ஏறிவிடும்.

இதுவரை சொன்னது பழக்கத்தைப் பற்றி. இனிக் காயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே சிரிப்புக்கு இடமில்லை.

2025ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷஹர் மாவட்டத்தில், சாக்கடையில் விழுந்து தத்தளித்த ஒரு நாய்க்குட்டியை இளம் கபடி வீரர் ஒருவர் காப்பாற்றினார். குட்டி அவர் கையைக் கடித்தது. சின்னக் காயந்தானே என்று தடுப்பூசி போட்டுக் கொள்ளவில்லை. சுமார் இரண்டு மாதம் கழித்து வெறிநோய் கண்டு உயிர் நீத்தார். 2019ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குச் சுற்றுலா போன நார்வே நாட்டு இளம் பெண் ஒருவர், தெருவில் கண்ட குட்டியைத் தூக்கிச் சென்று குளிப்பாட்டிச் சீராட்டினார். விளையாட்டில் அது லேசாகக் கடித்தது. காயத்தைத் தாமே துடைத்து மருந்திட்டுக் கொண்டார். ஊர் திரும்பிய பின் அவரும் அதே நோயால் மாண்டார். இவ்விருவரையும் கொன்றது பெரிய வெறிநாயல்ல. இரக்கத்தோடு கையில் எடுத்த குட்டி.

வெறிநோய்க் கிருமி நாயின் உமிழ்நீரில் இருக்கிறது. காயத்தின் வழியே புகுந்து, நரம்பைப் பற்றிக் கொண்டு மெதுவாக மூளையை நோக்கி ஊர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால், பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கொடிய நோய்தான், ஆயினும் அது ஊர்ந்து வரும் அந்த நாட்களே நமக்குக் கிடைக்கும் அவகாசம். அவகாசத்தைப் பயன்படுத்தினால் முற்றிலும் தடுக்கக் கூடிய நோய் இது.

அந்த அவகாசத்தை மனிதகுலத்துக்குக் காட்டிக் கொடுத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு அவருடைய சிகிச்சை தொடங்கியது, சிறுவன் பிழைத்தான். இந்தியாவில் இச் சிகிச்சைக்கென 1900ஆம் ஆண்டு இமயமலைச் சாரலில் கசௌலியில் நிலையம் ஏற்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவர்கள் அத்தனை தூரம் ரயிலேறிப் போக வேண்டியிருந்தது. 1902ஆம் ஆண்டு லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்தபோது, தெற்கேயும் ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் துணையோடு, 1907ஆம் ஆண்டு குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

அக்காலத்து மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. வயிற்றில் நாள்தோறும் ஊசி. "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அந்த மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது போடுவது புஜத்தில், நாலைந்து தவணை. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் போடுகிறார்கள். பயந்து ஒளிய ஒன்றுமில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் காசும் இல்லை.

கடித்தவுடன் செய்ய வேண்டியது இதுதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிஷம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். கிருமியில் பெரும் பகுதி அங்கேயே ஒழியும். பிறகு மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பிப் பொடி, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடவும் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இரத்தம் வராத வெறும் கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. இரத்தம் வந்திருந்தால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டியிருக்கும்.

"எங்கள் வீட்டுக் குட்டிதானே?" என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவது சாதாரணமாக அதற்கு மூன்று மாதம் நிறைந்த பிறகுதான். குட்டி ஓயாமல் கடிப்பதோ இரண்டாம் மாதத்திலிருந்து. அதாவது, மிக அதிகமாகக் கடிக்கும் வயதில் அதற்குப் பாதுகாப்பே கிடையாது. அதன் தாய் எந்தத் தெருவில் எந்த நாயோடு புரண்டதென்று நமக்குத் தெரியாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். பால் பல்லின் வழியாகவும் கிருமி இறங்கும். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நலமாயிருந்தால், கடித்த சமயத்தில் அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். மிச்ச ஊசிகளை என்ன செய்வதென்று டாக்டர் தீர்மானிப்பார். ஆனால் அந்தப் பத்து நாளைக் காத்திருந்து கழித்துவிட்டு, பிறகு முதல் ஊசியைத் தேடுவது பெரும் பிழை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குட்டி கடித்ததைக் குழந்தைகள் மறைப்பார்கள். சொன்னால் திட்டு விழும், அல்லது குட்டியைத் துரத்தி விடுவார்கள் என்ற பயம். "கடித்தால் தெருவில் விட்டுவிடுவேன்" என்று பெரியவர்கள் ஒருமுறை மிரட்டினால் போதும். அப்புறம் எந்தக் குழந்தையும் கீறலைக் காட்டாது. ஆகையால் குட்டி வீட்டுக்கு வந்த அன்றே குழந்தைகளை உட்கார வைத்து, "பல் பட்டால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் உன்னையும் திட்டமாட்டோம், குட்டியையும் விரட்டமாட்டோம்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். கையோடு, குட்டிக்கு மூன்று மாதம் நிறையும் தேதியைச் சுவரில் மாட்டிய காலண்டரில் சிவப்பு மையால் குறித்துக் கொள்ளுங்கள். அன்று அதைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது வீட்டிலுள்ள அத்தனை பேரையும் காப்பது போலாகும்.