இல்லத்தில் இருக்கும் அம்மாவின் முதுகைப் பார்த்தீர்களா?

வேறு வழியில்லாமல் பெற்றவரை முதியோர் இல்லத்தில் சேர்த்திருப்பீர்கள். அதில் குற்றமில்லை. ஆனால் சேர்த்ததோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

பழம் வாங்கிப் போகிறோம். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்கிறோம். பிள்ளை மனசு நோகக்கூடாதே என்று அவரும் "எனக்கென்ன குறை" என்பார். வாய் மறைத்தாலும் உடம்பு மறைக்காது.

எழ முடியாமல் படுத்திருப்பவரை 2 மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். தவறினால் இடுப்பின் பின்புறம், குதிகால் ஆகிய இடங்கள் அழுந்தி, ரத்த ஓட்டம் குறைந்து, படுக்கைப் புண் வரும். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் மாறாத சிவப்புதான் முதல் அடையாளம். கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பாருங்கள், சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அங்கே தேய்க்கக் கூடாது. ஈரத் துணியை உடனே மாற்றச் சொல்லுங்கள்.

ஒருநாள் சொல்லாமல் போங்கள். ராத்திரி பார்த்துக்கொள்ள எத்தனை பேர்? கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? கூச்சப்படாமல் கேளுங்கள்.

குறை கண்டால் முதலில் நிர்வாகியிடம் சொல்லுங்கள். கவனிக்காவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் மனு கொடுங்கள்; 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் பேசலாம்.

புரட்டிவிட ஐந்து நிமிஷம் போதும். புண் முற்றினால் ஆற மாதக்கணக்காகும்.