இதயத்தின் குறுகிய வாசல்

எங்கள் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்துச் சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. தண்ணீர் பாயும் ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடுவார்கள். நீர் சீறிக்கொண்டு அடுத்த பந்தல் வரை போய் விழும். குழாய் 'உஸ்' என்று இரையும். பிடித்திருக்கும் விரல் அதிரும். இந்தச் சீற்றம், இரைச்சல், அதிர்வு மூன்றும் ஒரு மனிதனின் மார்புக்குள்ளும் நிகழக்கூடும் என்றால் நம்புவீர்களா?

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியைச் சேர்ந்த மாணவன் ஒருவனுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. நன்றாகக் கபடி ஆடுபவன். மார்பில் குழல் வைத்துக் கேட்ட மருத்துவர், "இதயத்தில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது, மதுரைக்குப் போய் எக்கோ படம் எடுங்கள்" என்றார். அவன் தாயார் என்னிடம் வந்து கேட்டார்: "பய ஒரு நாளும் மூச்சு வாங்குனதில்ல சார். நல்லா இருக்கவன எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்கணும்?"

நியாயமான கேள்விதான். அதற்கு இயற்பியல் வழியாகவே விடை காண முயல்வோம்.

மூன்று இதழ்களும் இரண்டு இதழ்களும்

இதயம் ஓர் எக்கி. நிமிடத்திற்கு 70 முறை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அது சுருங்கி விரிகிறது. இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குச் செல்லும் வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. இரத்தத்தை முன்னே விடும்; பின்னே திரும்ப விடாது. வழக்கமாக அதற்கு மூன்று இதழ்கள். ஆனால் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தாம் இருக்கும். பலர் இதை அறியாமலேயே வாழ்கிறார்கள். சிலருக்கு இதழ்கள் குழந்தைப் பருவத்திலேயே ஒட்டிக்கொண்டு வாசல் குறுகியிருக்கும். மற்றும் சிலருக்கு நடு வயதில் இதழ்களில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து விறைத்துப்போகும். நுரையீரலுக்குச் செல்லும் வாசலிலும் இத்தகைய பிறவிக் குறுக்கம் ஏற்படுவதுண்டு.

ஒரு சிறு கணக்கு

ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் சுமார் 70 மில்லிலிட்டர். வால்வு திறந்திருக்கும் நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடி. அப்படியானால் வினாடிக்கு 210 கன சென்டிமீட்டர் வீதம் இரத்தம் பாய்கிறது. நல்ல வால்வின் வாசல் 3.5 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், வேகம் வினாடிக்கு 60 சென்டிமீட்டர். வாசல் 0.7 சதுர சென்டிமீட்டராகக் குறுகிவிட்டால்? அதே இரத்தம் அதே நேரத்தில் போயாக வேண்டும். எனவே வேகம் ஐந்து மடங்காகி, வினாடிக்கு 3 மீட்டர் ஆகும்.

இந்த வேகத்தை எது தருகிறது? அழுத்த வேறுபாடு. பெர்னௌலியின் விதிப்படி அது, அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவு. இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,060 கிலோகிராம். பாஸ்கல் அலகைப் பாதரச மில்லிமீட்டராக மாற்றினால் எளிய வாய்பாடு ஒன்று கிடைக்கிறது: வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்க வேண்டும். நீங்களே போட்டுப் பாருங்கள். நல்ல வால்வில் வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. குறுகிய வால்வில் 36. வேகம் ஐந்து மடங்கு, அழுத்தம் இருபத்தைந்து மடங்கு! இது சராசரிக் கணக்கு. துடிப்பின் உச்சத்தில் இன்னும் மிகும்.

எக்கோ கருவி செய்வதும் இதே கணக்கைத்தான். 1842-ல் டாப்ளர் கண்ட விளைவைப் பயன்படுத்தி, செவிக்கு எட்டாத ஒலியலைகளால் இரத்தத்தின் வேகத்தை அளந்து, அழுத்தத்தைச் சொல்லிவிடுகிறது. ஊசி இல்லை, வலி இல்லை.

வலி இல்லாததே ஆபத்து

குழாயை விரலால் மூடினால் தோட்டத்து மோட்டார் அதற்காகக் கூடுதலாக உழைப்பதில்லை. வரும் நீர் குறையும். இதயம் அப்படி விட்டுவிடுவதில்லை. உடலுக்கு வேண்டிய இரத்தத்தைக் கொடுத்தே தீருவேன் என்று தன் தசைச் சுவரைத் தடிக்கச் செய்து, 120-க்குப் பதில் 160, 180 என்று அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது. அதனால்தான் அந்த மாணவனுக்கு மூச்சு வாங்கவில்லை. அவன் நலமாக இருக்கிறான் என்பதற்கு அது போதிய சான்று ஆகாது.

ஆனால் தடித்த தசைக்கு இரத்தமும் அதிகம் தேவை. ஓடும்போதும் மலையேறும்போதும் அது போதாமல் போகிறது. உழைக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் ஆகிய மூன்றும் எச்சரிக்கை மணிகள். கடுமையான குறுக்கத்தில் இவை தோன்றிவிட்டால் காலம் தாழ்த்தக் கூடாது.

பரிகாரம் உண்டா?

உண்டு. 1982-ல் அமெரிக்காவில் ஜீன் கானும் உடன் பணியாற்றியவர்களும் தொடை இரத்தக் குழாய் வழியே சிறு பலூனைச் செலுத்தி, குறுகிய நுரையீரல் வால்வை விரித்துக் காட்டினார்கள். நுரையீரல் வால்வுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. பெருந்தமனி வால்வுக்கும் சிறுவரிடம் இதைச் செய்வதுண்டு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வால்வையே மாற்ற வேண்டியிருக்கும்.

குமுளி மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், டாக்டர் வலியத்தான் குழுவினர் இந்திய செயற்கை வால்வை உருவாக்கினர். முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை, நான்காவது வென்றது. உலோகக் கூட்டுக்குள் சாய்ந்து திறக்கும் ஒரு பிளாஸ்டிக் வட்டு, அவ்வளவுதான். 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வால்வு பொருத்திக்கொண்டவர் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. கீரையை ஒரு நாள் கட்டுக்கட்டாகவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் உண்ணாமல், ஒரே அளவில் உண்பது நல்லது. ஏனெனில் கீரையிலுள்ள கே வைட்டமின் அம்மாத்திரைக்கு எதிராக வேலை செய்கிறது.

வாழும் முறை

இக்குறை உள்ளவர்கள் எல்லோரும் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. குறுக்கம் இலேசாக இருந்தால் விளையாடலாம். கடுமையாக இருந்தால் போட்டி விளையாட்டும் பாரம் தூக்குதலும் கூடா. எது இலேசு, எது கடுமை என்பதை எக்கோ அளவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பல்லையும் ஈறையும் தூய்மையாக வைத்திருங்கள். அங்கிருந்து கிளம்பும் கிருமிகள் பழுதான வால்வில் குடியேறக்கூடும். பெண்கள் கருத்தரிக்குமுன் இதய மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம். இரண்டிதழ் வால்வு குடும்பத்தில் தொடர்வதுண்டு. ஆகவே உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

அந்தத் தாயாரிடம் நான் வாய்பாடு எதுவும் சொல்லவில்லை. குழாயைக் கையில் கொடுத்து, வாயை விரலால் மூடச் சொன்னேன். விரல் அதிர்ந்தது. சிறிது நேரம் பேசாமல் நின்றவர், "மதுரைக்கு எந்த பஸ் சார்?" என்றார். பையனுக்கு நடுத்தரக் குறுக்கம் என்று தெரியவந்தது. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறான். கபடி ஆடுவதில்லை, எங்கள் ஊர்ப் பையன்களின் ஆட்டத்திற்கு அவன்தான் நடுவர்.