சிரிக்க வைத்த ஆச்சி

கதாநாயகியாக ஒரு நடிகை எத்தனை வருடம் நிலைக்க முடியும்? வாசகர்களே, நீங்களே எண்ணிப் பாருங்கள். நாலைந்து வருடத்தில் முகம் பழசாகிவிட்டது என்று ஒதுக்கிவிடும் உலகம் அது. அந்தத் தமிழ்ச் சினிமா உலகில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்று பிடித்தவர் மனோரமா.

இயற்பெயர் கோபிசாந்தா. 1937இல் மன்னார்குடியில் பிறந்தார். தந்தை கைவிட்டுவிட, தாயார் குழந்தையோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து, பிறர் வீடுகளில் வேலை செய்து மகளை வளர்த்தார். வறுமையால் படிப்பு இடைநடுவில் நின்றது. சிறு வயதிலேயே நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரும் மேடை தந்ததுதான்.

1958இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' அவரைத் திரைக்குக் கொண்டு வந்தது. கிடைத்ததோ நகைச்சுவை வேடம். இளம் பெண்ணுக்குத் தயக்கம் வராதா? கதாநாயகி என்றால் சில வருடங்கள்தான், நகைச்சுவை என்றால் ஆயுள் முழுவதும் நடிக்கலாம் என்று கவிஞர் சொன்னதாக மனோரமா பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். ஆனால் சோறு போட்டது சிரிப்புத்தான்.

அவருடைய பெரும் செல்வம் நாக்கு என்பேன். செட்டிநாட்டுப் பேச்சு அவருக்கு வளர்ந்த மண்ணின் பேச்சு. 'ஆச்சி' என்ற மரியாதைப் பெயரும் அம்மண்ணின் சொல்தான். ஆனால் 1968இல் வெளிவந்த 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழைப் பேசியதோடு நில்லாமல் அதே பாஷையில் சொந்தக் குரலில் பாடவும் செய்தார். ஓர் ஊர்ப் பேச்சை அவ்வூரார் முகஞ்சுளிக்காதபடி பேசுவது எத்தனை கடினம் என்பது மொழி கற்பிப்போருக்குத் தெரியும். அதே வருடம் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக வந்தார். மேடையிலேயே வளர்ந்தவருக்கு அந்த வேடத்தை வெளியில் தேட வேண்டியிருக்கவில்லை. சிவாஜி கணேசன் எதிரே நிற்கும்போதும் நம் கண் ரமாமணி மீதே போகும்.

அண்ணாதுரை, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் என ஐந்து முதலமைச்சர்களுடன் மேடையிலோ திரையிலோ நடித்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், அதற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம், 'புதிய பாதை' (1989) படத்துக்கு இந்தியாவின் சிறந்த துணை நடிகை விருது, 2002இல் பத்மஸ்ரீ. 2015 ஒக்டோபர் 10இல் சென்னையில் காலமானார்.

விருதுகள் இருக்கட்டும். 1986இல் விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் மனோரமா வேலைக்காரி கண்ணம்மா. வீட்டு மனிதர்கள் மனம் முறிந்து நிற்கையில், அந்த வீட்டுக்காகச் சம்பந்தியிடம் வரிந்து கட்டிக்கொண்டு வாய்ச்சண்டைக்குப் போகிறவள் அவள்தான். பார்ப்பவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பள்ளத்தூரில் வீட்டுவேலை செய்த ஒரு தாயின் மகள் அந்தச் சேலையைச் செருகிக்கொண்டு நிற்கிறாள் என்பது அப்போது நினைவுக்கு வராது.