சட்டம் தில்லியில், தாய்மார் தங்கவயலில்

புதுதில்லி: மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து, 3 வயது நிரம்பாத குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது, நாடாளுமன்றம் 2017-ல் நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம்.

தாயையும் சேயையும் ஒருசேர வைத்துச் சிகிச்சை அளிக்கும் தனிப் பிரிவை பெங்களூரு நிமான்ஸ் 2009-லேயே தொடங்கிவிட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது, கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை.

2001-ல் சுரங்கம் மூடப்பட்டபின், இங்குள்ள தமிழர்கள் பலர் அதிகாலை ரயிலேறி பெங்களூரு சென்று பிழைக்கின்றனர். கணவர் இரவில்தான் வீடு திரும்புவார் எனில், பிள்ளை பெற்றவளின் உறக்கமின்மையையும் ஓயாத அழுகையையும் யார் கவனிப்பது?

இந்தியத் தாய்மாரில் சுமார் 22 சதவீதத்தினருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருப்பதாக, உலக சுகாதார அமைப்பின் இதழில் 2017-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தடுப்பூசி நாளன்று தாயின் மனநிலையையும் விசாரித்தால்தான், சட்டத்தின் பயன் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளை எட்டும்.