கட்டியபின் தட்டிப்பார்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டியபின் தட்டிப்பார் என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கட்டும்பொழுது படும் பாடு ஓராண்டோடு முடியும். தட்டிப் பாராது குடிபுகுந்தவர் படும் பாடு மாரிதோறும் திரும்பி வரும்.

சந்தையில் ஒரு மண்சட்டி வாங்குவதாயினும் விரலாற் சுண்டி ஓசை கேட்டு, வெயிலிலே பிடித்துக் கீறல் உண்டோவென்று பார்ப்பவர்கள் நம் தாய்மார். அத்தகையோரே, குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் விழுங்கிய புது வீட்டை, சோதிடர் குறித்த நாளிற் பால் காய்ச்சிவிட வேண்டுமென்ற அவசரத்திலே, சுவரைத் தொட்டும் பாராமல் ஏற்றுக்கொள்வது வியப்பன்றோ? குடிபூரலுக்கு நாள் குறிப்பதன் முன்னர் வீட்டைப் பார்க்க ஒரு நாள் குறித்தல் வேண்டும். முகூர்த்தம் நெருங்கிவிட்டால், கண்ட குறையையும் காணாதது போல் இருக்கவே மனம் விரும்பும்.

வன்னிப் பெருநிலத்தில் இவ்விடயத்துக்குத் தனிப் பாரம் உண்டு. போர் 2009 மே மாதத்தில் முடிந்து மக்கள் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பியபொழுது, பலருக்கு எஞ்சியிருந்தது காணி மாத்திரமே. தகரக் கொட்டிலில் ஆண்டுக்கணக்காய் இருந்தவர்களுக்கு இந்திய வீடமைப்புத் திட்டம் பெருந்துணையாயிற்று. ஏறக்குறைய 50,000 வீடுகளைக் கொண்ட அத்திட்டத்தின் பெரும் பகுதி 2012 ஒக்டோபர் 2ஆந் திகதி, காந்தியடிகளின் பிறந்தநாளன்று, தொடக்கி வைக்கப்பட்டது. அதன் சிறப்பு யாதெனின், ஒப்பந்தகாரர் கட்டி முடித்துத் திறப்பைக் கையிற் கொடுக்கும் முறை அங்கு இல்லை. வீடொன்றுக்கு 550,000 ரூபா, வேலை வளர வளரத் தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வந்தது. கல் வாங்குவதும் மேசனைப் பிடிப்பதும் வேலையை மேற்பார்ப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. முந்திய கட்டம் ஒழுங்காக முடிந்ததென்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் உறுதிசெய்த பின்னரே அடுத்த தவணை.

பணம் போதாமல் நகையை அடைவு வைத்தவரும் வட்டிக்கு வாங்கியவரும் பலர். அக்குறையை மறைப்பதற்கில்லை. ஆயினும், வீட்டைச் சோதிப்பது கடைசி நாட் சடங்கன்று, அத்திவாரம் வெட்டும் அன்றே தொடங்கும் வேலை என்ற பாடத்தை வன்னிக் குடும்பங்கள் அதனாற் கற்றன. கணவரை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர், எத்தனை சீமெந்துப் பை வந்தது, எத்தனை கலவைக்குப் போனது என்று கொப்பியிற் குறித்துவைத்துக் கணக்குக் கேட்டனர். "அக்கா, இதெல்லாம் உங்களுக்கு விளங்காது" என்று சொல்லும் மேசனுக்கு அந்தக் கொப்பியை விடத் தக்க மறுமொழி இல்லை.

இதற்கு மாறான வழியிலும் வீடுகள் வரவிருந்தன. வடக்குக்கும் கிழக்குக்குமாக 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் யோசனையொன்று 2016ஆம் ஆண்டிற் பெரும் விவாதமாயிற்று. வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா விலை பேசப்பட்டது. ஆர்சலர் மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனம் தெரிவாகியிருந்தது. யாழ்ப்பாணப் பகுதியில் மாதிரி வீடுகள் எழுந்தன. பார்வைக்கு அழகாகவே இருந்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் நேரிற் சென்று ஆராய்ந்தபொழுதோ, அத்திவாரம், கூரையின் பிணைப்பு, காற்றோட்டம், இரும்பு துருப்பிடிக்கும் அபாயம் என்பனபற்றிக் கடுமையான ஐயங்கள் வெளிவந்தன. அதே பணத்தில் ஏறக்குறைய இரண்டு கல்வீடுகள் கட்டலாமே என்று எதிர்த்தோர் கேட்டனர். 65,000 வீடுகளையும் அவ்வாறு அமைக்கும் எண்ணம் நிறைவேறவில்லை. ஏற்றுக்கொள்ளுமுன் பார்ப்பதற்கும் ஏற்றுக்கொண்டபின் முறையிடுவதற்கும் உள்ள தூரம் இதனால் விளங்கும்.

சரி, பார்ப்பது எப்படி? முதலில் வீட்டை விட்டு நிலத்தைப் பாருங்கள். 2018 டிசம்பர் 21, 22ஆந் திகதிகளிற் பெய்த பெருமழையால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பல கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அன்று உங்கள் காணியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை அயலவர் விரல்வைத்துக் காட்டுவர். வீட்டின் நிலமட்டம் அதற்கு மேலே இருத்தல் வேண்டும். வயலையும் குளத்தையும் அண்டிய களிமண் காணியாயின் இன்னொரு கவலையும் உண்டு. களி மாரியில் நீரைக் குடித்து வீங்கும். சோளகக் காற்றிற் காய்ந்து சுருங்கி வெடிக்கும். ஆழமற்ற அத்திவாரம் அம்மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்க, சுவர் இரண்டாய்ப் பிளக்கும். அத்திவாரம் மூடப்பட்டபின் அதன் ஆழத்தை யாரும் காணமாட்டார். ஆகவே கிடங்கு திறந்திருக்கும்பொழுதே அளவுநாடாவைப் போட்டுப் பார்த்து, கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

கல்லைச் சோதிப்பது கடினமன்று. நன்கு சுட்ட செங்கற்கள் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் மணியோசை போல் ஒலிக்கும். சீமெந்துக் கல்லை இடுப்பளவு உயரத்திலிருந்து விழவிட்டாற் பொடியாகிச் சிதறக்கூடாது. விளிம்பை நகத்தாற் சுரண்டினால் மணல் உதிரக்கூடாது. உதிருமாயின், சீமெந்து குறைவு அல்லது தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தவில்லை என்பது பொருள். மாணவர்கள் இவ்விடத்தில் ஒன்றை மனத்திற் கொள்ளலாம். சீமெந்து காய்வதனால் இறுகுவதில்லை. நீருடன் கூடி இரசாயன மாற்றம் அடைவதனாலேயே இறுகுகிறது. ஆதலால் முதல் ஏழு நாளாயினும் அதனை ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். வன்னி வெயிலில் ஒரு நாள் தண்ணீர் விட மறந்தாலும் நட்டம் பெரிது.

முல்லைத்தீவுக் கரையோரத்தார் மணலையும் நாவில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்! கடல்மணலாலும் உவர்நீராலும் குழைத்த சாந்து சில மாதங்களில் வெள்ளை வெள்ளையாய் உவர் பூத்துச் சுவரிலிருந்து கழலும். கொங்கிறீற்றுக்குள் அவ்வுப்பு புகுந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். அந்த நெருக்கத்தாற் கொங்கிறீற்று வெடித்து விழும். கம்பி முனை வெளியே தெரியும் தூணையோ வளையையோ பூச்சால் மறைக்க இடங்கொடாதீர்கள்.

புதுவீட்டு விரிசல்கள் எல்லாவற்றுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. பூச்சின் மேல் மயிரிழைபோற் கோலமிட்டு ஓடுபவை பெரும்பாலும் மேற்பூச்சுச் சுருங்கியதனால் வந்தவை; வெள்ளையடித்தால் மறையும். கதவு, யன்னல் மூலையிலிருந்து சரிவாய் ஏறும் விரிசல், கற்களின் பொருத்தைப் பற்றிப் படிப்படியாய் இறங்கும் விரிசல், நாணயத்தின் விளிம்பு நுழையுமளவு அகன்ற விரிசல் ஆகியன வேறு சாதி. யன்னலின் மேலுள்ள கொங்கிறீற்று வளை இருபுறச் சுவரிலும் போதிய அளவு ஏறி உட்காராமையோ, அத்திவாரம் இறங்கியமையோ அவற்றுக்குக் காரணமாகலாம். ஐயமான விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தினால் ஒட்டித் திகதியை எழுதிவிடுங்கள். சுவர் இன்னும் அசைந்தாற் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். பூச்சை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், கல்லைப் பற்றாத இடம் பொள்ளலாய் ஒலிக்கும். நிலத்தின் வாட்டத்தைக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். அவர்களின் போளை எங்கே உருண்டோடுகிறதென்று பார்த்தாற் போதும். குளியலறையில் மாத்திரம் அது நீர்போகும் துளையை நோக்கி ஓட வேண்டும்; அங்கே ஒரு வாளி தண்ணீரை ஊற்றியும் பாருங்கள்.

கூரையைப் பற்றிப் பேசுகையில் 1964 டிசம்பர்ச் சூறாவளியை முதியோர் நினைவுகூர்வர். மன்னாரையும் வவுனியாப் பகுதியையும் தாக்கிப் பின் தனுஷ்கோடியை அழித்த புயல் அது. 2020 டிசம்பரிலும் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட உள்ளிருந்து தூக்குவதே ஆபத்து. ஆதலாற் கைமரங்கள் சுவரின் மேல் வெறுமனே கிடக்கின்றனவா, சுவர்த்தலையிற் புதைத்த கம்பியாற் பிணைக்கப்பட்டனவா என்று ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். பனங்கைமரமாயின் கறுப்பு வைரம் பாய்ந்ததா என்பதையும், கறையான் ஏறும் மண்தடம் சுவரில் உண்டா என்பதையும் அதே ஏற்றத்திற் கண்டுகொள்ளலாம். ஓட்டுக்கூரைக்கு மழையைவிடச் சிறந்த பரிசோதகர் இல்லை. நண்பகலில் யன்னல்களை மூடி இருட்டாக்கி மேலே பார்த்தால், ஒளி புள்ளியாய்த் தெரியும் இடத்தில் நாளை மழையும் தெரியும்.

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியிருத்தல் வேண்டும். அயலவர் கிணற்றையும் கணக்கிற் சேருங்கள். மின்சாரத்துக்கு ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அமுக்கியவுடன் மின் நின்றுவிட வேண்டும். நில இணைப்புக் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குட் செல்கிறதா என்பதை மின்னிணைப்பாளரே உங்கள் முன் காட்டட்டும்.

கண்ட குறைகளை வாயாற் சொல்வது போதாது. நம்மூரில் மேசன் பெரும்பாலும் ஒன்றுவிட்ட அண்ணராகவோ அயற்கிராமத்து மச்சானாகவோ இருப்பார். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும். அறை அறையாக எழுதி, இரு பிரதி எடுத்து, "அண்ணை, இவற்றைப் பார்த்துத் தாருங்கோ" என்று தாளை நீட்டினால் உறவும் கெடாது, வேலையும் நடக்கும். ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி மன்னனின் சட்டத்தில், சுவர் சரியும் நிலையிற் கட்டியவன் தன் செலவிலேயே அதனைத் திருத்திக் கொடுக்க வேண்டுமென்றும், வீடு விழுந்து உரியவன் இறந்தாற் கட்டியவனுக்கு மரணதண்டனை என்றும் இருந்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். பேசிய கூலியில் நூற்றுக்கு ஐந்தை ஒரு மாரி கழியும்வரை நிறுத்திவைப்பதென்று தொடக்கத்திலேயே எழுதிக்கொண்டாற் போதும். ஒப்பந்தகாரரிடமிருந்து முடிந்த வீட்டைப் பெறுவோர், உள்ளூராட்சிச் சபையின் அமைவுச் சான்றிதழையும் கேட்டு வாங்குதல் வேண்டும். 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் செல்லுபடியாகும் இடங்களில் அச்சான்றிதழ் இன்றிக் குடிபுகுதல் சட்டத்துக்கு மாறானது.

வாடைமழை ஓய்ந்ததும் கண்ணாடித் துண்டை மறுபடியும் போய்ப் பாருங்கள். முழுதாக இருந்தால் விரிசலை அடைத்து வெள்ளையடித்து, மிச்சப் பணத்தையும் மகிழ்ச்சியாய்க் கொடுத்துவிடலாம். உடைந்திருந்தால் மேசனை உடனே அழையுங்கள். தைப்பொங்கல் கழிந்து காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் வன்னியில் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது.