நரம்புக்குள் ஒரு சுமைதூக்கி

செஞ்சிக்குச் சென்றால் ராஜகிரிக் கோட்டையில் ஏறிப் பாருங்கள். படியில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உங்கள் கால்விரல்களுக்கு ஆணை போகிறது. அனுப்புவது யார்? முதுகின் கீழ்ப்பகுதியில், தண்டுவடத்தில் இருக்கும் ஒரு நரம்புச் செல். அதன் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் அதிலிருந்து புறப்படும் 'ஆக்ஸான்' என்னும் இழை பாதம் வரை ஏறத்தாழ 1 மீட்டர் ஓடுகிறது!

ஆணை மின்துடிப்பாகச் செல்கிறது. ஆக்ஸானின் சவ்வில் சோடியம் வாயில்கள் என்னும் புரதங்கள் பதிந்துள்ளன. ஒன்று திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால், அதன் விளைவாக அடுத்தது திறக்கிறது. இப்படியே துடிப்பு நகர்கிறது.

வாயில்கள் பழுதானால்? ஒரு வகைப் பழ ஈ 29 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செயலற்று விழும், குளிர்ந்தால் எழுந்துவிடும். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் ஒபைத் சித்திக்கி, அமெரிக்க அறிஞர் சீமோர் பென்சருடன் சேர்ந்து இத்தகைய ஈக்களின் நரம்புக் குறைகளை 1976-இல் ஆராய்ந்தார். இந்த ஈயில் பழுதானது சோடியம் வாயிலின் மரபணுவே என்பது 1989-இல் தெரிந்தது.

இவ்வாயில்கள் செல் உடலில் தயாராகின்றன. பாதம் வரை எப்படிப் போகின்றன? நீரில் விட்ட மைபோல் தாமாகப் பரவினால் போதாதா? போதாது. பரவலில் தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். 1 மீட்டர் கடக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

ஆகவே சுமந்து செல்ல ஆள் வேண்டும். 1985-இல் கண்டறியப்பட்ட 'கைனெசின்' என்னும் புரதமே அந்தச் சுமைதூக்கி. நுண்குழல்கள் என்னும் பாதையில் அடிக்கு 8 நானோமீட்டராக அது நடக்கிறது. 1 மீட்டருக்கு 12½ கோடி அடிகள்! விரைவான சரக்கு நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை செல்லும்.

வழி தவறாதா? ஆக்ஸானின் நுண்குழல்கள் எல்லாம் ஒரே திசை நோக்கியவை. கைனெசினும் அத்திசையிலேயே நடக்கும். ராஜகிரி உச்சிக்கு முன் ஆழ்ந்த பிளவின்மேல் ஒரு பாலம் உண்டல்லவா? அதுபோல் ஆக்ஸானின் தொடக்கத்திலும் ஒரு காவல் உண்டு. வேறு கிளைகளுக்குரிய சரக்கு அங்கே தடுக்கப்படுகிறது. அங்கும், ஆக்ஸான் உறையின் இடைவெளிகளிலும், 'ஆங்கிரின்' என்னும் புரதம் நங்கூரமாக நின்று சோடியம் வாயில்களைப் பிடித்து நிறுத்துகிறது.

ஒரு வகைக் கைனெசினின் மரபணு பழுதானால், பரம்பரையாகக் கால்கள் விறைத்துத் தளரும் நோய் வருகிறது. கைகளைவிடக் கால்களே முதலில் துன்புறுவது ஏன்? ஆக்ஸானின் நீளத்தை நினைத்துப் பாருங்கள், விடை கிடைக்கும்.