மீனா பிறந்த கதை: கார்ட்டூன் படம் உருவாகும் விதம்

(நமது மும்பை நிருபர்)

கார்ட்டூன் படம் என்றால் குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஓர் எலி ஓடுகிறது, ஒரு பூனை துரத்துகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். அந்த எலி திரையில் ஓர் அடி எடுத்து வைக்கும் முன்பு எத்தனை பேர் எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்தார்கள் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணக்கைப் பாருங்கள். சினிமாத் திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நிமிடத்துக்கு 1,440. ஒரே சித்திரத்தை இரண்டு முறை படம் பிடித்துச் சிக்கனம் செய்தாலும் நிமிடத்துக்கு 720 சித்திரங்கள். பத்து நிமிடப் படத்துக்கு 7,200! இத்தனையும் வரைந்து முடித்த பிறகு, “கதை சரியில்லை, மாற்று” என்று முதலாளி சொன்னால் என்ன ஆகும்? அந்த நஷ்டத்தைத் தவிர்க்கத்தான் இரண்டு முன்வேலைகள் வந்தன. ஒன்று, கதைப்பலகை. மற்றொன்று, பாத்திரப் படைப்பு.

பலகையில் குத்திய கதை

கதைப்பலகையை ஆங்கிலத்தில் ஸ்டோரிபோர்டு என்பார்கள். கதையின் ஒவ்வொரு கட்டத்தையும் சிறு சிறு காகிதங்களில் அவசரக் கோடுகளாக வரைந்து, வரிசையாகப் பலகையில் ஊசியால் குத்தி வைப்பார்கள். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், காமிரா அருகில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா, என்ன வசனம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பிறகு ஒருவர் பலகை முன் நின்று கதையை நடித்துச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள். எங்கே கொட்டாவி வருகிறதோ அந்தக் காகிதம் பலகையிலிருந்து இறங்கிவிடும். மூன்றாவதாக இருந்தது ஏழாவதாகப் போகும். கடைசியில், மிஞ்சிய சித்திரங்களைக் குரலோடு சேர்த்து ஓட்டிப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுவார்கள். அதன் பிறகே உண்மையான வேலை ஆரம்பம்.

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. கண்ட்ரோல் ஆபீசில் கட்டம் போட்ட காகிதத்தில், எந்த வண்டி எங்கே நின்று எதற்கு வழிவிட வேண்டும் என்று கோடு கிழித்துப் பார்த்தே வண்டிகளை ஓட்டினோம். இன்று அந்த வேலை கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது. கதைப்பலகையும் அப்படியே. ஆனால் முறை மாறவில்லை.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் கூடத்தில் இம்முறை உருவாயிற்று. வெப் ஸ்மித் என்ற கலைஞர்தான் இதைத் தொடங்கி வைத்தவர் என்று சொல்வார்கள். 1933-ல் வந்த ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ இவ்வாறு உருவான முதல் படங்களில் ஒன்று.

பெயரில்லாக் குள்ளர்கள்

அடுத்தது பாத்திரம். கிரிம் சகோதரர்களின் பழைய கதையில், ஸ்னோ ஒயிட்டுக்கு அடைக்கலம் கொடுத்த ஏழு குள்ளர்களுக்குப் பெயர் கிடையாது. ஏழும் ஒன்றுபோல. 1937-ல் டிஸ்னி அதைப் படமாக்கியபோது ஒருவனைச் சிடுமூஞ்சி ஆக்கினார்கள். ஒருவன் தூங்குமூஞ்சி, ஒருவன் வெட்கப்படுகிறவன், ஒருவன் தும்மிக்கொண்டே இருப்பவன். குணம் வந்ததும் நடை வந்தது. நடை வந்ததும் ஜனங்களுக்கு அவர்கள் உறவினர்போல ஆகிவிட்டார்கள்.

குணம் முடிவானபின் உருவத்தை முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என எல்லாப் பக்கமும் வரைந்து மாதிரித் தாள் தயாரிப்பார்கள். பத்துப் பேர் வரைந்தாலும் மூக்கு மாறக்கூடாதல்லவா? உருவம் முழுவதையும் கறுப்பு மையால் நிரப்பிப் பார்ப்பதும் உண்டு. நிழலைப் பார்த்தே ஆளைச் சொல்ல முடிந்தால் பாத்திரம் தேறிற்று.

பெடர் ரோட்டில் வந்த வித்தை

இந்த வித்தை நம் நகரத்துக்கும் வந்தது. 1956-ல் அன்றைய பம்பாயில், மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு தொடங்கியது. டிஸ்னி கூடத்தில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்ற அமெரிக்கர் வந்து பயிற்சி கொடுத்தார். பயின்றவர்களில் ஒருவர் ராம் மோகன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1972-ல் சொந்தக் கூடம் அமைத்தார், 2014-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2019-ல் காலமானார்.

அவர் கையில் பிறந்தவள்தான் மீனா. 1991 முதல் 2000 வரையிலான பத்தாண்டுகளைப் பெண் குழந்தைகளின் பத்தாண்டு என்று தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு அறிவித்திருந்தது. அச்சமயம் யுனிசெப் நிறுவனம், பல நாட்டுக் குடும்பங்களும் தன் மகளாக ஏற்கும் ஒரு சிறுமியைக் கேட்டது. புடவை கட்டினால் ஓரிடத்தில் ஒப்பமாட்டார்கள். சல்வார் போட்டால் இன்னோரிடத்தில் அந்நியம். நீளப் பாவாடையும் மேல்சட்டையும் முடிவாயின. வரைந்த உருவங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்த் தாய்மார்களிடமும் பிள்ளைகளிடமும் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். தம்பி ராஜு, கிளி மிட்டு என்று குடும்பம் கூடியது.

உடை மட்டும் மீனாவை மீனா ஆக்கவில்லை. அவளுக்கு ஓர் ஆசை இருக்கிறது: பள்ளிக்கூடம் போக வேண்டும். தம்பியை அனுப்புகிறார்கள், அவளை அனுப்பவில்லை. கிளியைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அது கேட்டு வந்த பாடத்தைத் தானும் கற்கிறாள். வீட்டுக் கோழிகளை எண்ணும்போது ஒன்று குறைகிறது. கூச்சல் போடுகிறாள், திருடன் பிடிபடுகிறான். பெண்ணின் படிப்பு வீண் என்று நினைத்த தகப்பனாருக்குக் கண் திறக்கிறது.

இக்கதையை நாமே பலகையில் குத்திப் பார்க்கலாம். அவள் எண்ணக் கற்கும் முன்பே திருடனை வரவழைத்தால் கதையே இல்லை. தெருவில் போகிற யாரோ திருடனைப் பிடித்தாலும் கதை இல்லை. எண்ணத் தெரிந்தவள் அவள்; ஆகவே கண்டுபிடிப்பவளும் அவளாகவே இருக்க வேண்டும். பாத்திரத்தின் ஆசையும் காட்சிகளின் வரிசையும் இப்படிப் பூட்டும் சாவியும்போலப் பொருந்துவதுதான் இந்தக் கலையின் ரகசியம்.

நம் வீட்டு மீனாக்கள்

நோட்டுப் புத்தகத்தில் பொம்மை போடும் பிள்ளையை, “இது சோறு போடுமா?” என்று அதட்டுவது நம் வழக்கம். அதற்குப் பதில், “இவன் யார்? இவனுக்கு என்ன வேண்டும்? அது கிடைக்காமல் தடுப்பது யார்?” என்று மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் அச்சான பழைய காகிதத்தைக் கிழித்து, பன்னிரண்டு துண்டில் கதையை வரையச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டி, வரிசையை மாற்றிப் பார்க்கட்டும். செலவு காலணா இல்லை.

சால் வீடுகளில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் தண்ணீர் பிடிக்கவும் படிப்பை நிறுத்திய பெண்கள் நம்மவரிலும் உண்டு. அவர்களுக்குப் பாடம் கேட்டு வந்து சொல்லக் கிளி கிடையாது. பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்கள் நாம்தான்.